நுனியில் மட்டும் வளரும் இழை: பூஞ்சைக்குள் சுமை தூக்கும் புரதங்கள்

மழைக்காலத்தில் அடுப்படி அலமாரியில் மறந்துபோன ரொட்டித் துண்டு ஒன்றை இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்திருப்பீர்கள். முதல் நாள் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரியும். மறுநாள் காலைக்குள் அது பாதித் துண்டை மூடியிருக்கும். பூஞ்சை பிடித்துவிட்டது என்று குப்பையில் போட்டுவிடுகிறோம். போடுவதற்கு முன் ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தப் பஞ்சு நூல்நூலாகப் பிரிவது தெரியும். ஒவ்வொரு நூலும் ஒரு குழாய். பெரும்பாலும் நம் தலைமுடியின் பத்தில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது. பூஞ்சை இழை என்பது இதுதான்.

இந்த இழை எந்த இடத்தில் வளர்கிறது என்பதுதான் முதல் கேள்வி. புல்லை மேலே வெட்டினாலும் மறுபடி வளர்கிறது, ஏனென்றால் அதன் வளர்ச்சி அடியில் இருக்கிறது. முடியும் அப்படித்தான். தலைக்குச் சாயம் பூசுகிறவர்களுக்குத் தெரியும், இரண்டு வாரத்தில் வெள்ளை எட்டிப் பார்ப்பது வேர்க்காலில்தான். பூஞ்சை இழை இதற்கு நேர்மாறு. நுனியில், அதுவும் கடைசி சில மைக்ரோமீட்டர் தூரத்தில் மட்டும்தான் அது நீள்கிறது. பின்னால் இருக்கும் குழாய் ஒருமுறை இறுகிவிட்டால் இறுகியதுதான். ரைன்ஹார்ட் என்ற ஆய்வாளர் 1892லேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். நுனிக்குத் தேவையானது எப்படி அங்கே போய்ச் சேருகிறது என்பது புரியத்தான் இன்னொரு நூறு ஆண்டு ஆனது.

தேவை எவ்வளவு என்று பார்ப்போம். பூஞ்சை ஆய்வகங்களில் செல்லப்பிள்ளையாக இருக்கும் நியூரோஸ்போரா கிராஸா, வெதுவெதுப்பான சூழலில் மணிக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் வளரும். நான்கு மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொண்டால் நொடிக்கு ஒரு மைக்ரோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்த ஒவ்வொரு மைக்ரோமீட்டருக்கும் புதிதாகச் செல் சவ்வு வேண்டும், அதற்கு வெளியே கைட்டின் என்ற உறுதியான பொருளாலான சுவர் வேண்டும், சுவரைக் கட்டும் நொதிகள் வேண்டும். இவையெல்லாம் நுண்பைகளாக வருகின்றன. சவ்வால் ஆன சின்னஞ்சிறு பைகள் அவை. உள்ளே சரக்கு இருக்கும். நுனிச் சவ்வோடு பை ஒட்டி இணைந்ததும் சரக்கு வெளியே கொட்டும், பையின் தோல் நுனியின் தோலோடு சேர்ந்துவிடும். நியூரோஸ்போராவின் ஓர் இழை நுனியில் நிமிடத்துக்குச் சுமார் 38,000 பைகள் இப்படி வந்து இணைய வேண்டும் என்று காலிஞ்ச், டிரின்சி என்ற இருவர் 1974இல் கணக்கிட்டார்கள். நொடிக்கு அறுநூறுக்கு மேல்.

சரி, இந்தப் பைகள் தாமாக மிதந்து போய்ச் சேர்ந்துவிடாதா? நூறு நானோமீட்டர் அகலமுள்ள ஒரு பை சுத்தமான தண்ணீரில் அலைந்து திரிந்து நூறு மைக்ரோமீட்டர் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று இயற்பியலின் பரவல் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய கால் மணி நேரம் வருகிறது. செல்லின் உள்ளே இருப்பது தண்ணீர் இல்லை, கூழ். அங்கே இன்னும் பல மடங்கு ஆகும். இதில் பெரிய தொல்லை என்னவென்றால், தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். அலைந்து திரிந்து போகிறவனின் கதி அது. ஒரு மைக்ரோமீட்டருக்குப் பரவல் போதும். பாக்டீரியா அதை நம்பித்தான் வாழ்கிறது. நூறு, இருநூறு மைக்ரோமீட்டர் பின்னாலிருந்து சரக்கு வர வேண்டிய பூஞ்சைக்கு அது கட்டுப்படியாகாது.

இங்கேதான் மோட்டார் புரதங்கள் வருகின்றன. பெயரைக் கேட்டதும் சுழலும் இயந்திரம் நினைவுக்கு வரும். உண்மையில் இவை நடக்கும் புரதங்கள். கைனசின் என்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு முனையில் கால் போன்ற இரண்டு பகுதிகள், மறுமுனையில் சரக்கைப் பிடிக்கும் வால். நடக்கும் பாதை நுண்குழல்: 25 நானோமீட்டர் விட்டம், டியூபுலின் என்ற புரதக் கட்டிகளை அடுக்கிச் செய்த குழாய். கைனசின், செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து ஓர் அடி வைக்கும். ஓர் அடி 8 நானோமீட்டர். அதாவது அது இழுக்கும் பை, அதன் ஓர் அடியைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு அகலம். தன்னைவிடப் பெரிய அரிசியை இழுத்துக்கொண்டு போகும் எறும்பு உங்களுக்கு நினைவுக்கு வந்தால், சரியான படம்தான் வந்திருக்கிறது.

கைனசினை முதலில் கண்டுபிடித்தது 1985இல், கணவாயின் பெரிய நரம்பிழையில். பத்து ஆண்டு கழித்து ஸ்டைன்பெர்க், ஷ்லிவா இருவரும் நியூரோஸ்போராவில் அதே வகைக் கைனசினைக் கண்டார்கள். இந்த வகைக்குக் கைனசின்-1 என்று பெயர். வியப்பாக இருந்தது அதன் வேகம். விலங்குகளின் கைனசின்-1 நொடிக்கு ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவாகத்தான் நடக்கும். பூஞ்சையுடையது நொடிக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோமீட்டர் போகிறது. அதாவது நொடிக்கு முந்நூறு அடி வரை வைக்கிறது. மேலே சொன்ன வளர்ச்சி வேகத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நுனி நொடிக்கு ஒரு மைக்ரோமீட்டர் முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. விலங்குக் கைனசினின் வேகத்தில் நடந்தால் ஓடும் பேருந்தைத் துரத்துவது போலத்தான், எட்டிப் பிடிக்கவே முடியாது. நியூரோஸ்போராவில் செல்லின் கூழான சைட்டோபிளாசமே முன்னோக்கி ஓடுவதால் அந்த ஓட்டமும் கைகொடுக்கிறது. இருந்தாலும் இந்த இரண்டு எண்களும் இப்படிப் பொருந்துவதை நான் சும்மா கடந்துபோக மாட்டேன்.

ஒரு பொதுவான தவறான எண்ணத்தை இங்கேயே திருத்திவிட வேண்டும். மோட்டார் என்ற சொல்லைக் கேட்டு, இந்தப் புரதங்கள்தான் நுனியை முன்னால் தள்ளுகின்றன என்று நினைத்துவிடுகிறோம். கல்லூரி மாணவர்கள்கூட அப்படி எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். தள்ளுவது அவை இல்லை. தள்ளுவது தண்ணீர். இழைக்குள் உப்பும் சர்க்கரையும் செறிந்திருப்பதால் வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே புகுந்து அழுத்தம் ஏறுகிறது. நியூரோஸ்போராவில் அது நான்கைந்து வளிமண்டல அளவு, கார் டயரில் இருப்பதைப் போல இரு மடங்கு. நம் நெல் வயல்களில் குலைநோய் உண்டாக்கும் பூஞ்சை இலையைத் துளைக்கும்போது ஒரு தனி உறுப்பில் எண்பது வளிமண்டலம் வரை ஏற்றுகிறது. அழுத்தத்துக்குத் திசை கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தள்ளும். சுவர் எங்கே இளகி இருக்கிறதோ அங்கே வெளியே பிதுங்கும். சுவர் எங்கே இளகலாக, புதிதாக இருக்க வேண்டும் என்பதை முடிவுசெய்கிறவைதான் மோட்டார் புரதங்கள். எந்த இடத்தில் சரக்கை இறக்குகின்றனவோ அந்த இடம் வளரும். பலம் தண்ணீருடையது, வழி மோட்டாருடையது.

இதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். உயிருள்ள இழையின் நுனியை நல்ல நுண்ணோக்கியில் பார்த்தால் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு கறுத்த புள்ளி தெரியும். 1924இல் ப்ரன்ஸ்விக், கோப்ரினஸ் காளானின் இழைகளில் சாயம் நன்றாக ஏறும் இந்தப் புள்ளியைக் கண்டு ஜெர்மன் மொழியில் ஸ்பிட்சென்கோர்ப்பர் என்று பெயர் வைத்தார். நுனியில் இருக்கும் பொருள் என்று அர்த்தம். 1957இல் கிர்பார்ட் உயிருள்ள இழைகளில் அதைப் பின்தொடர்ந்து பார்த்தார். புள்ளி நேரே முன்னால் போனால் இழையும் நேரே போகிறது. புள்ளி ஒரு பக்கம் ஒதுங்கினால் இழை அந்தப் பக்கம் திரும்புகிறது. புள்ளி மறைந்தால் வளர்ச்சி நிற்கிறது. வண்டிக்கு முன்னால் மாடு போவது போல.

பின்னால் வந்த எலக்ட்ரான் நுண்ணோக்கி அந்தப் புள்ளி என்ன என்று காட்டியது: நெருக்கியடித்து நிற்கும் நுண்பைகளின் கூட்டம். சரக்கு வந்து குவியும் கிடங்கு. கலிபோர்னியாவின் ரிவர்சைடில் இருந்த பார்ட்னிக்கி-கார்சியா 1989இல் கணினியில் ஒரு எளிய சோதனை செய்தார். ஒரு புள்ளி எல்லாத் திசையிலும் சமமாகப் பைகளை வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி அசையாமல் நின்றால் உருண்டை கிடைக்கிறது. நேர்கோட்டில் நகர்ந்தால், உச்சி கூம்பிய குழாய், அதாவது பூஞ்சை இழையின் வடிவம், அப்படியே கிடைக்கிறது. வித்து உருண்டையாகவும் இழை குழாயாகவும் இருப்பதற்கு வேறு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கிடங்கு நிற்கிறதா, நகர்கிறதா என்பதே போதும். பூஞ்சை பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு சிக்கனமான விளக்கம் வேறொன்று இல்லை.

அந்தக் கிடங்கைத் தாங்குவது யார்? நியூரோஸ்போராவில் கைனசின்-1 மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். 1997இல் முடிவு வந்தது. ஸ்பிட்சென்கோர்ப்பர் தெரியாமல் போனது, வளர்ச்சி வெகுவாகக் குறைந்தது. ஆனால் பூஞ்சை சாகவில்லை. இது முக்கியமான குறிப்பு. ஒரே ஒரு மோட்டாரை நம்பி இழை இல்லை.

ஏனென்றால் பாதை இரண்டு வகை. நுண்குழல் நெடுஞ்சாலை. ஆக்டின் என்ற புரதத்தாலான மெல்லிய நூல்கள் சந்துகள். 7 நானோமீட்டர் தடிமன்தான், நுனியில் அடர்த்தியாகப் பின்னிக் கிடப்பவை. கோயம்பேட்டுக்குப் பெரிய லாரி வரும். அங்கிருந்து தெருக்கடைக்குக் குட்டியானை எடுத்துக்கொண்டு போகும். இழையிலும் அதே ஏற்பாடு. கைனசின்கள் நுண்குழல் வழியே நுனிப் பக்கம் கொண்டுவந்து சேர்க்கின்றன. கடைசிச் சில மைக்ரோமீட்டருக்கு மையோசின்-5 என்ற வேறொரு மோட்டார் சரக்கை ஏற்றுக்கொண்டு ஆக்டின் வழியே கிடங்குக்குள் செலுத்துகிறது. மையோசின்-5இன் ஓர் அடி சுமார் 36 நானோமீட்டர், கைனசினின் அடியைவிட நான்கு மடங்குக்கு மேல் நீளம்.

இரண்டு பாதைகளுக்கும் உள்ள வித்தியாசம் மருந்து கொடுத்துப் பார்த்தால் தெளிவாகிறது. ஆக்டினைக் குலைக்கும் மருந்தைக் கொடுத்தால் நுனி நுனியாக இல்லாமல் போகிறது. இழை ஊதிப்போய் வளர்ச்சி நின்றுவிடுகிறது. நுண்குழலைக் குலைத்தால் இழை உடனே நின்றுவிடுவதில்லை. மெதுவாக, திசை தப்பிப்போய், வளைந்து நெளிந்து வளர்கிறது. சந்து அடைபட்டால் கடைக்குச் சரக்கே கிடையாது. நெடுஞ்சாலை அடைபட்டால் கையில் இருப்பதை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டலாம், ஆனால் வேகமாக ஓட்ட முடியாது. ரொட்டி ஈஸ்ட் இதற்கு நல்ல எதிர் உதாரணம். அதன் செல் நான்கைந்து மைக்ரோமீட்டர்தான். அதற்குக் கைனசின்-1 கிடையவே கிடையாது. மொட்டுக்குச் சரக்கு அனுப்ப மையோசினும் ஆக்டினும் மட்டும் போதும். சந்துக்குள்ளேயே குடியிருப்பவனுக்கு நெடுஞ்சாலை எதற்கு?

திசை விஷயத்தில் இன்னொரு கைனசினும் பங்கு கொள்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற பூஞ்சையில் கிப்ஏ என்ற கைனசின், நுனி எது என்று அடையாளம் வைக்கும் புரதங்களை நுண்குழலின் முனைவரை கொண்டுபோகிறது. அதை நீக்கிவிட்டால் இழை நேராக வளர்வதை விட்டு வளைவு வளைவாகப் போகிறது. சரக்கு போகாமல் இல்லை. சரியான முகவரிக்குப் போவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் போகும் பயணம். வரும் பயணம் இல்லாமல் எந்தப் போக்குவரத்தும் நிலைக்காது. நுனிக்குப் போன லாரியெல்லாம் அங்கேயே நின்றுவிட்டால் அடுத்த நாள் லோடு ஏற்ற வண்டி இருக்காது. திரும்பி வரும் வேலையைச் செய்வது டைனீன் என்ற மோட்டார். நுண்குழலுக்கு ப்ளஸ் முனை, மைனஸ் முனை என்று இரு முனைகள் உண்டு. இழையின் நுனிப் பகுதியில் ப்ளஸ் முனைகள் நுனியைப் பார்த்து நிற்கின்றன. கைனசின்கள் ப்ளஸ் முனையை நோக்கி நடக்கும், டைனீன் மைனஸ் முனையை நோக்கி நடக்கும்.

டைனீன் பூஞ்சையில் என்ன செய்கிறது என்று தெரியவந்த கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ரான் மோரிஸ் என்ற ஆய்வாளர் 1970களில் ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸில், வெப்பத்தைக் கூட்டினால் மட்டும் கோளாறு காட்டும், மரபணு மாறிய திரிபுகளைத் தேடிச் சேகரித்தார். 32 டிகிரியில் ஒழுங்காக வளரும். 42 டிகிரியில் குட்டு வெளிப்படும். அவற்றில் ஒரு வகை இப்படி நடந்துகொண்டது. வித்து ஒன்று முளைக்கிறது. உள்ளே ஒரே ஓர் உட்கரு. முளைக்குழாய் வெளியே நீளத் தொடங்குகிறது. உட்கரு இரண்டாகிறது, நான்காகிறது, எட்டாகிறது. சாதாரண பூஞ்சையில் அவை குழாய்க்குள் புகுந்து சீரான இடைவெளியில் வரிசையாக நிற்கும், ரயில் பெட்டியில் ஜன்னல்கள் போல. இந்தத் திரிபில் எட்டும் வித்துக்குள்ளேயே குவிந்து கிடந்தன. குழாய் காலியாக நீண்டது. பிரிவதில் பிசகு இல்லை, பரவுவதில்தான் பிசகு. இந்த மரபணுக்களுக்கு நட் என்று பெயர் வைத்தார்கள். உட்கருப் பரவல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது.

அவற்றில் முதலாவதான நட்ஏ என்ன புரதம் என்று 1994இல் ஷியாங்கும் மோரிஸும் வெளியிட்டார்கள். அது டைனீனின் பெரிய புரதச் சங்கிலி. அதே ஆண்டு நியூரோஸ்போராவிலிருந்தும் பதில் வந்தது. அங்கே இழைகள் கயிறு போல முறுக்கிக்கொண்டு வளரும் திரிபுகளை ஆய்வாளர்கள் நெடுங்காலமாக ரோப்பி என்று அழைத்துவந்தார்கள். அவற்றின் மரபணுக்களும் டைனீனுக்கும் அதன் கூட்டாளிப் புரதங்களுக்கும் உரியவையாகவே இருந்தன.

அடுத்த ஆண்டு வந்த முடிவு, பூஞ்சை ஆய்வின் எல்லையைத் தாண்டிய ஒன்று. நட்எஃப் என்ற மரபணுவின் வரிசையைப் படித்தபோது, அது மனிதரின் லிஸ்1 மரபணுவின் உறவு என்று தெரிந்தது. லிஸ்1 பழுதானால் கருவில் குழந்தையின் மூளை மடிப்பில்லாமல் வழுவழுப்பாக உருவாகிறது. லிசென்செஃபலி என்ற கொடிய நோய் அது. லிஸ்1 மரபணு 1993இல்தான் கண்டறியப்பட்டிருந்தது. அது என்ன வேலை செய்கிறது என்று அப்போது விளங்கவில்லை. பதில் பூஞ்சையில் இருந்தது: டைனீனுடன் சேர்ந்து உட்கருவை நகர்த்துவது. வளரும் மூளையில் நரம்புச் செல்கள் பிறந்த இடத்திலிருந்து மேற்பரப்புக்கு ஊர்ந்து போக வேண்டும், உட்கருவை இழுத்துக்கொண்டு. அந்த இழுப்பு தடைப்பட்டால் மடிப்புகள் உருவாவதில்லை. வித்துக்குள் தேங்கிய எட்டு உட்கருக்களும் மடிப்பில்லாத மூளையும் ஒரே புரதக் குடும்பத்தின் பழுது. பூஞ்சையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

டைனீன் எப்படி நுனிக்குப் போகிறது என்பதும் சுவையான விஷயம். அது நடப்பது பின்னோக்கி மட்டும்தானே. தானாக நுனிக்குப் போக முடியாது. ஆஸ்பெர்ஜில்லஸில் கைனசின்-1ஐ நீக்கினால் நுண்குழலின் ப்ளஸ் முனையில் டைனீன் சேர்வதில்லை. அதாவது கைனசின்தான் டைனீனைச் சுமந்துகொண்டு போய் நுனிப் பக்கம் இறக்குகிறது. ஒரு மோட்டாரின் முதுகில் இன்னொரு மோட்டார். ஊருக்குப் போகும்போது பஸ் மேல் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், திரும்பும்போது சைக்கிளை மிதித்துக்கொண்டு வருகிற மாதிரி. ப்ளஸ் முனையில் டைனீன்கள் குவிந்து காத்திருக்க, அங்கே வந்து சேரும் எண்டோசோம் என்ற பைகளைப் பிடித்துக்கொண்டு திரும்புகின்றன. டைனீன் பழுதான இழையில் இந்த எண்டோசோம்கள் நுனியிலேயே குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம்.

எண்டோசோமை நுனிக்குக் கொண்டுவருவது கைனசின்-3 என்ற இன்னொரு வகைக் கைனசின். இதில் மக்காச்சோளத்தின் கரிப்பூட்டை நோய்ப் பூஞ்சையான உஸ்டிலாகோ மெய்டிஸ் நல்ல பாடம் கற்றுத்தந்தது. மெக்சிகோவில் இந்த நோய் கண்ட கதிரை உயிட்லகோச்சே என்று சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆய்வகங்களுக்கு அது இழைக்குள் போக்குவரத்தைப் படிக்கும் இடம். எண்டோசோம்கள் இழையின் நீளம் முழுக்க முன்னும் பின்னும் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒரு வேலையாகப் போய்விட்டுத் திரும்புகிற மாதிரி இல்லையே, ஏன் இந்த அலைச்சல் என்று தோன்றும். அவை டவுன் பஸ் மாதிரி. ஏறுகிறவர்கள் பலர். ஆர்என்ஏ மூலக்கூறுகள் ஓர் இணைப்புப் புரதத்தின் வழியாக எண்டோசோமில் ஒட்டிக்கொண்டு போகின்றன; ரைபோசோம்களும் கூடவே வருவதால் பயணத்தின்போதே புரதம் தயாராகிறது. ஆஸ்பெர்ஜில்லஸில் பெராக்சிசோம்கள் என்ற செல் உறுப்புகள் எண்டோசோமிடம் லிஃப்ட் கேட்டுப் போவதை 2016இல் கண்டார்கள்; பிஎக்ஸ்டிஏ என்ற புரதம் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் எண்டோசோம் ஓடும், பெராக்சிசோம் நின்ற இடத்தில் நிற்கும். நோய் உண்டாக்குவதிலும் இந்த அலைச்சலுக்குப் பங்கு உண்டு. மக்காச்சோள இலைக்குள் நுழையும் தொடக்க நாட்களில், நுனியில் கிடைத்த சேதியை எண்டோசோம்கள்தான் பின்னால் இருக்கும் உட்கருவுக்குக் கொண்டுபோகின்றன. செடியின் எதிர்ப்பை அடக்கும் புரதங்கள் அந்தச் சேதி வந்தபின்தான் போதிய அளவு உருவாகின்றன.

நுனிக்குச் சற்றுப் பின்னால், கழுத்துப்பட்டை போல ஒரு வளையத்தில், இன்னொரு திருப்பி எடுக்கும் வேலை நடக்கிறது. பைகள் வந்து இணைய இணைய நுனியில் சவ்வு கூடிக்கொண்டே போகும். நுனிக்கென்றே வந்த புரதங்கள் பக்கவாட்டில் நழுவி ஓடும். அந்த வளையத்தில் அவை மறுபடி உள்ளே எடுக்கப்பட்டு நுனிக்கே திருப்பி அனுப்பப்படுகின்றன. அந்த வேலையில் மையோசின்-1 என்ற மோட்டாருக்கு முக்கியப் பங்கு உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும்.

மோட்டார் என்ற சொல்லே தடுமாறும் ஓர் இடமும் இருக்கிறது. கைட்டின் சுவர் கட்டும் நொதிகளில் ஒரு வகைக்கு, நொதியின் உடலோடேயே மையோசின் தலை ஒன்று ஒட்டியிருக்கிறது. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆஸ்பெர்ஜில்லஸில் இதைக் கண்டு சிஎஸ்எம்ஏ என்று பெயரிட்டார்கள். பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது, கொத்தனார் சொந்த வண்டியிலேயே வருகிறார் என்பதுதான். அதை நீக்கினால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். இழையில் ஆங்காங்கே பலூன் மாதிரி வீக்கம். அதைவிட விசித்திரம், இழைக்குள் இழை. வெளிச்சுவர் வலுவிழந்த பழைய குழாயின் உள்ளேயே புதிதாக ஒரு மெல்லிய இழை முளைத்து, குழாய்க்குள் குழாயாக ஓடுகிறது. கரிப்பூட்டைப் பூஞ்சையில் இதே வகை நொதியின் மையோசின் தலையை மட்டும் வெட்டிப் பார்த்தபோது எதிர்பாராத முடிவு வந்தது. தலை இல்லாமலும் நொதி இருக்கும் பைகள் வழக்கம்போல நுனிவரை பயணம் போயின. அவற்றைக் கொண்டுபோனவை கைனசின்-1ம் மையோசின்-5ம். தலை இல்லாதபோது பைகள் நுனிக்கு வந்தன, நிற்கவில்லை. இணைவதற்கு முன்பே திரும்பிப் போய்விட்டன. ஆக அந்த மோட்டார் தலை ஓட்டுவதற்கு இல்லை. வந்த இடத்தில் பிடித்து நிறுத்தி வைப்பதற்கு. வடிவத்தில் சக்கரம், வேலையில் நங்கூரம். அந்த நங்கூரம் இல்லாத பூஞ்சையால் மக்காச்சோளத்தில் நோய் உண்டாக்கவும் முடியவில்லை.

இதெல்லாம் ஆய்வகத்துக்குள் மட்டும் இருக்கும் விஷயம் இல்லை. பூஞ்சை தன் உணவை வெளியே செரித்துவிட்டு உள்ளே உறிஞ்சுகிறது. செரிக்கும் நொதிகளையும் இதே நுண்பைகள்தான் கொண்டுபோகின்றன. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி வெளியே வருவது பெரும்பாலும் வளரும் நுனிகளில்தான் என்று 1991இல் காட்டினார்கள். தொழிற்சாலைத் தொட்டியில் பூஞ்சையை வளர்த்து நொதி எடுப்பவர்கள், நுனி எத்தனை கிளைகள் விடுகிறது என்பதில் அக்கறை காட்டுவது அதனால்தான்.

வயலுக்கு வருவோம். விதை நேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 2 கிராம் கார்பன்டசிம் பூஞ்சைக்கொல்லி என்பது நம் விவசாயிகள் பலருக்கு மனப்பாடமான அளவு. அந்த மருந்து செய்வது பூஞ்சையின் டியூபுலினில் போய் ஒட்டிக்கொள்வது. கட்டிகள் அடுக்கிக்கொள்ள முடியாமல் நுண்குழல் கலைகிறது. உட்கரு பிரிவது நிற்கிறது, நெடுஞ்சாலையும் போய்விடுகிறது. மோட்டார்கள் எல்லாம் பழுதில்லாமல் இருக்கும், நடக்கப் பாதைதான் இருக்காது. டியூபுலினின் 198ஆவது இடத்தில் உள்ள ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் மருந்து ஒட்டுவதில்லை. ஆண்டுக்கணக்கில் இதையே அடித்த வயல்களில் மருந்து கேட்காமல் போவதற்கு இப்படிப்பட்ட சின்ன மாற்றங்களே காரணம்.

மோட்டாரையே நேராகத் தாக்கும் மருந்தும் வந்துவிட்டது. சீனாவில் கோதுமைக் கதிரைக் கருகவைக்கும் ஃபியூசேரியம் பூஞ்சைக்கு ஃபெனமாக்ரில் என்ற மருந்தைப் பயன்படுத்துகிறார்கள். அது பூட்டுப் போடுவது, மேலே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன மையோசின்-1க்கு. மையோசின் குடும்பம் நம் தசையிலும் இருக்கிறது, ஆனால் இந்த மருந்து ஃபியூசேரியத்தின் சில இனங்களுடைய மையோசின்-1ஐத் தேர்ந்து பிடிக்கிறது. இங்கேயும் பூஞ்சை தப்பிக்க வழி கண்டது. அந்தப் புரதத்தின் 217ஆவது இடத்தில் இருக்கும் செரின் மாறினால் மருந்துக்குப் பிடிமானம் போய்விடுகிறது.

இன்னொன்று, அன்றாட நடைமுறைக்குப் பயன்படுவது. டிரைக்கோடெர்மா விரிடியை ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் கலப்பவர்களிடம், அதே விதையில் கார்பன்டசிமையும் சேர்க்காதீர்கள் என்று வேளாண்மை அலுவலர்கள் சொல்வார்கள். இரண்டும் நோயைத் தடுப்பதுதானே, சேர்த்துப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு இல்லையா என்று கேட்கிறவர்கள் உண்டு. டிரைக்கோடெர்மாவும் இழையாக வளரும் பூஞ்சைதான். நோய்ப் பூஞ்சையைச் சுற்றி வளைத்து அதன் சுவரைக் கரைக்கும் நொதியை அது நுனி வழியாகத்தான் விடுகிறது. அந்த நொதி நுனிக்குப் போவதும் அதே நுண்குழல் சாலையில், அதே கைனசின்களின் முதுகில்தான். கார்பன்டசிம் சாலையைக் கலைக்கும்போது அது நோய்ப் பூஞ்சையின் சாலையா, நாம் காசு கொடுத்து வாங்கிக் கலந்த பூஞ்சையின் சாலையா என்று பார்ப்பதில்லை.